பார்க் என்று எழுதிய பலகை

“அம்மா, பார்க்குன்னா லாரி தூங்குற எடந்தானே?”

கீர்த்தனா இதைக் கேட்ட அந்தக் காலை இன்னும் என் கண்ணிலிருந்து கலையவில்லை. மார்கழி மாதம். ஓசூர்ப் பக்கத்துப் பனியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெயில் ஏறும்வரை எதிர் வீடு என்று ஒன்று இருப்பதே தெரியாது. நான் வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் பள்ளிச் சீருடையில், ஸ்வெட்டரின் கடைசிப் பட்டன் வயிற்றில் பூட்டாமல் திறந்து கிடக்க, வேனுக்காகக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் வாசலுக்கு நேர் எதிரே இருந்த காலி இடத்தில் லாரிகள் படுத்திருந்தன. பனியில் அவற்றின் முகம் மட்டும் தெரியும், உடம்பு இருக்காது. முன்னால் கட்டிய எலுமிச்சம்பழமும் மிளகாயும் அந்தரத்தில் தொங்கும். உள்ளே எங்கேயோ ஒரு டிரைவர் ஸ்டவ் பற்றவைத்து டீ போடுவார். டீசல் வாசனையும் இஞ்சி வாசனையும் கலந்து வரும். அந்த இடத்தின் முனையில் ஒரு மஞ்சள் பலகை. அதில் கறுப்பு எழுத்தில், தமிழிலும் இங்கிலீஷிலும், ‘பார்க்’.

மனை பிரித்து விற்றவர்கள் நட்டுவிட்டுப் போன பலகை அது. பிள்ளைகள் விளையாட, பெரியவர்கள் காற்று வாங்க என்று ஒதுக்கிய இடம். ஊஞ்சல் வரும், சறுக்குமரம் வரும் என்று சொல்லித்தான் மனைகளை விற்றார்களாம். வந்தது பலகை மட்டும்.

கீர்த்தனா அப்போது நாலாவது படித்தாள். பார்க் என்ற சொல்லை அவள் எழுத்துக் கூட்டிப் படித்தது அந்தப் பலகையில்தான். அதன் பின்னால் அவள் பார்த்ததெல்லாம் லாரி. பிறகு அவள் வேறெப்படிக் கேட்பாள்?

“ஆமாங்கண்ணு, தூங்குது. சத்தம் போடாத” என்று சொல்லிவிட்டுக் கோலத்தை முடித்தேன். வேன் வந்தது. பனி அவளை வாங்கிக்கொண்டது.

மணிச் சத்தம் கேட்கும் பள்ளிக்கூடம்

ஜூஜுவாடியை ஒட்டிய அந்த லேஅவுட்டைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே கொஞ்சம் எழுதியிருக்கிறேன். ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக லைன் வீடுகள். கர்நாடகா எல்லை கூப்பிடு தூரம். காலையில் தமிழில் கீரை வரும், கொஞ்சம் வெயில் ஏறினால் கன்னடத்தில் பழைய இரும்பு கேட்டு ஆள் வருவார், சாயங்காலம் தெலுங்கில் பூ வரும். என் வீட்டுக்காரர் கம்பெனியில் ஃபிட்டர். சொந்த ஊர் ஜவளகிரி. நான் தருமபுரிப் பக்கம்.

பிள்ளையின் பள்ளிக்கூட மணி எங்கள் சமையலறையில் கேட்கும். மாடியில் ஏறினால் கொடிக்கம்பம் தெரியும். ஆனால் நடுவில் ஹைவே. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதென்றால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போகவேண்டும். ஆகவே வேன் எங்கள் தெருவில் ஏற்றிக்கொண்டு, சர்வீஸ் ரோட்டில் ஊர்ந்து, பாலத்தடியில் திரும்பி, எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு அங்கே போய்ச் சேரும். வாசலில் ஏறுவாள், வாசலில் இறங்குவாள். என் பிள்ளையின் கால் தெருவைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

வந்தால் எங்கே போவாள்? காம்பவுண்டு நடையில் பைக்குகள் நெருக்கி நிற்கும். மொட்டை மாடிக்கு ஓனர் பூட்டுப் போட்டிருந்தார். தெருவில் கம்பெனி பஸ்ஸும் தண்ணீர் டேங்கரும். பக்கத்துத் தெருவில் ஒரு பிள்ளையைப் பைக்கில் வந்தவன் இடித்துத் தள்ளிவிட்டுப் போனதிலிருந்து எல்லா வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டோம். சாத்திய கதவுக்குள் டிவியும் போனும் இருந்தன.

தெரு முனையில் பேக்கரி. நாலு மணி ஆனால் வெண்ணெய் வாசனை எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வரும். பஃப்ஸ், தேங்காய் பன், உள்ளே தேங்காயும் சிவப்பு பச்சை இனிப்புத் துண்டும் வைத்த தில்பசந்த். பெங்களூர் ருசி எல்லை தாண்டி எங்களுக்கு முதலில் வந்தது அதில்தான். பேக்கரியை ஒட்டிப் பெட்டிக்கடை. சிப்ஸ் பாக்கெட் சரம் சரமாகத் தொங்கும், காற்றடித்தால் சலசலவென்று தோரணம் மாதிரி ஆடும். கீரைக்காரம்மா காலையில் ஒரு தடவை வந்துவிட்டுப் போய்விடுவாள். அந்தத் தோரணம் நாள் முழுக்க ஆடிக்கொண்டே இருக்கும்.

வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வரும்போது கையில் ஒரு பேக்கரிப் பொட்டலம் இருக்கும். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாறிமாறி ஓடுகிற மனிதருக்கு மகளோடு பேச நேரம் இல்லை. பொட்டலம்தான் அவர் பேச்சு. அவள் பிரித்துப் பார்த்துச் சிரிப்பாள். அதுதான் அவள் பதில்.

எனக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் சின்னதில் குச்சி மாதிரி இருந்தவள். அதைச் சொன்னால் இப்போது, “அந்தக் காலத்துல நல்லா ஓடியாடினீங்க, அதான் ஒல்லி” என்கிறார்கள். ஓடியது உண்மைதான். ஆனால் ஒல்லியாக இருந்தது ஓடியதால் இல்லை, வீட்டில் சாப்பாடு இல்லாததால். அப்படி வளர்ந்தவளுக்குத் தன் பிள்ளை கன்னம் பளபளவென்று இருப்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? தினமும் விளக்கேற்றும்போது, முருகா, என் பிள்ளைக்குக் குறையில்லாமல் வைத்திருக்கிறாய் என்று கும்பிடுவேன்.

வேனில் வைத்த பேர்

ஒரு நாள் வேனிலிருந்து இறங்கியவள் பையைக்கூடக் கழற்றாமல் சாமி அலமாரி முன்னால் போய் நின்றாள். பிள்ளையார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னா கண்ணு?”

“அம்மா, வேன்ல என்னை புள்ளையாருன்னு கூப்படறாங்க.”

“சாமி பேருதானே, நல்ல பேரு” என்றேன்.

“சாமியா நெனச்சு கூப்படலம்மா” என்றாள்.

அப்புறம் போய்ச் சாப்பிட்டாள். ஒன்றும் நடக்காத மாதிரி. ஆனால் மறுநாளிலிருந்து வேனில் ஜன்னல் பக்கம் உட்காராமல் உள்ளே தள்ளி உட்கார ஆரம்பித்தாள்.

பாதிப் படியில்

பிரதோஷம் வந்தால் மலைக்கோயிலுக்குப் போவது எங்கள் வழக்கம். மற்ற நாளெல்லாம் பைக்கில் மேலேயே போய் இறங்குவோம். அந்தத் தடவை படியேறி வருவதாக நான் வேண்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் டூட்டியில். நானும் கீர்த்தனாவும் மட்டும்.

மஞ்சள் வெயில். மேலே மேளச் சத்தம். கீழே திரும்பினால் ஊர் முழுக்கத் தகரக் கூரைகள் பளபளத்தன. பாதிப் படி ஏறுவதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

“இங்க ஓடுதும்மா.”

கைக்குள் ஒரு குருவியைப் பிடித்த மாதிரி அடித்தது.

பூக்கூடையைப் பக்கத்தில் வைத்துவிட்டு அவளோடு உட்கார்ந்தேன். ஆட்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். தீபாராதனை மணி கேட்டது. அவள் மேலே பார்த்துச் சொன்னாள்:

“சாமி கீழ வரமாட்டாராம்மா?”

அன்றைக்கு நாங்கள் மேலே போகவில்லை. அந்தப் படியிலேயே கற்பூரத்தை ஏற்றிக் கும்பிட்டுவிட்டு இறங்கினோம்.

மறுநாள் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா முதலில் பார்த்தது பிள்ளையின் கழுத்தை. பின்கழுத்தில் கறுப்பாக, மடிப்பு மடிப்பாக இருந்தது. நான் அதை அழுக்கு என்று நினைத்து எத்தனையோ வெள்ளிக்கிழமை பயத்தமாவு போட்டுத் தேய்த்திருக்கிறேன். அவள் அழ அழத் தேய்த்திருக்கிறேன்.

“அது அழுக்கு இல்லம்மா, தேய்க்காதீங்க” என்றார். “எடை கூடிட்டே போனா இந்த மாதிரி வரும். சர்க்கரை வரப்போவுதுன்னு உடம்பு காட்டற அடையாளம். இப்பவே பாத்துக்கிட்டா தள்ளிப் போட்டுடலாம்.”

சர்க்கரை என்றால் பெரியவர்களுக்கு வருவது என்றுதான் எனக்குத் தெரியும். ரத்தம் எடுத்தார்கள். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார்கள், சொன்னேன். அப்புறம் டாக்டரம்மா கேட்டார், “பாப்பா எங்க வெளயாடுது?”

நான் வாயைத் திறந்தேன். வீடு, நடை, மாடி, தெரு என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எந்த இடத்தின் பேரும் வாயில் வரவில்லை.

கீர்த்தனாதான் பதில் சொன்னாள். “எங்க வீட்டுக்கு எதுத்தாப்ல பார்க் இருக்குதுங்க மேடம். ஆனா அதுல லாரி தூங்குது.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “அத எழுப்பி அனுப்புங்கம்மா மொதல்ல” என்றார்.

“அதான் பார்க் பண்ணேன்”

அன்றைக்கே பேக்கரிப் பொட்டலம் நின்றது. வீட்டுக்காரர் கையை வீசிக்கொண்டு வீட்டுக்கு வரத் தெரியாமல் கொய்யாப்பழம் வாங்கி வந்தார். அது முடிகிற காரியம். லாரி?

பக்கத்து வீட்டு ரத்னக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டேன். பாகலூர்ப் பக்கத்துக்காரர், வீட்டில் பேசுவது கன்னடம், சண்டை போடுவது மட்டும் தமிழில். இருவரும் போய் ஒரு லாரிக் கதவைத் தட்டினோம். நாமக்கல் பக்கத்து டிரைவர் ஒருவர் லுங்கியை இழுத்துக்கொண்டு இறங்கினார்.

“ஏனுங்க்கா?”

“இது பார்க் அண்ணா. இங்க நிறுத்தலாமா?” என்றேன்.

அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பார்க்குன்னு போட்டிருக்குதுங்க. அதான் பார்க் பண்ணேன்.”

ரத்னக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். “அய்யோ தேவ்ரே! அது பார்க் பண்ற பார்க் இல்லப்பா, பசங்க வெளயாடற பார்க்கு!”

“அப்ப அப்பிடி எழுதோணுமுங்க. ஆந்திராக்காரன், கர்நாடகாக்காரன், அல்லாரும் இந்த போர்டப் பாத்துத்தான உள்ள வர்றாங்க? ‘பரவால்லீங்க, டிரைவருக்குன்னு ஒருத்தரு எடம் வுட்டுருக்காரு’ன்னு நாங்க பேசிக்குவமுங்க.”

கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. ரோட்டோரத்தில் போலீசுக்குப் பயந்து பயந்து நிறுத்துகிறவர்களுக்கு அந்தப் பலகை ஒரு தர்மம் மாதிரி தெரிந்திருக்கிறது.

வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெயின்ட் டப்பாவோடு போய், இரண்டையும் அழித்துப் ‘பூங்கா’ என்று மாற்றி எழுதினார். தமிழ் படிக்கிறவர்கள் இரண்டு பேர் விலகிப் போனார்கள். அந்த இடத்தில் வேறு மொழிக்காரர்கள் வந்து நிறுத்தினார்கள். எல்லை ஊரில் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வழி சொன்னவர் நாகராஜ் அண்ணன். கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர், லேஅவுட் சங்கத்துக்குச் செயலாளர். நல்ல மனிதர். யார் வீட்டில் என்ன என்றாலும் முதலில் வந்து நிற்பவர்.

“எழுத்தெல்லாம் எதுக்கும்மா? எல்லாருக்கும் தெரிஞ்ச பாஷ ஒண்ணு இருக்குது. ஒரு புள்ளையார வெச்சிடலாம். எவன் நிறுத்தறான்னு பாக்கறேன்.”

என் மனசுக்குள் மணி அடித்த மாதிரி இருந்தது.

புங்கமரத்தடிக்கு வந்தவர்

ஜவளகிரியில் வீட்டுக்காரரின் தோட்டத்து ஓரத்தில், மழையில் நனைந்துகொண்டு ஒரு சின்னக் கல் பிள்ளையார் இருந்தார். அந்தப் பக்கம் காட்டோரம். ராகிக் கதிர் முற்றும் காலத்தில் யானை வரும். பொழுது சாய்ந்தால் பிள்ளைகளை உள்ளே போட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். யானைக்குப் பயந்து அடைகிற ஊரிலிருந்து லாரிக்குப் பயந்து அடைகிற ஊருக்கு வந்தோம் என்று நான் பிறகு சொல்வதுண்டு. யானையாவது கதிர் தின்று முடித்தால் திரும்பிப் போய்விடும்.

வீட்டுக்காரர் தன் அண்ணன் தம்பிகளிடம் கேட்டு, அந்தப் பிள்ளையாரைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். கண்டக்டர், “என்னாங்க, புள்ளத் தாச்சியாட்டம் புடிச்சிக்கினு வர்றீங்க? இவருக்கு ஆஃப் டிக்கெட்டா, ஃபுல் டிக்கெட்டா?” என்று கேட்டாராம்.

காலி இடத்தின் நடுவில் ஒரு புங்கமரம். அதன் அடியில் செங்கல் அடுக்கி அவரை உட்காரவைத்தோம். நான் தண்ணீர் ஊற்றி, சந்தனம் வைத்து, அருகம்புல் சாத்தி, முதல் விளக்கை ஏற்றினேன். லாரி நிழலில், டீசல் கறை படிந்த மண்ணில், அந்தச் சின்ன விளக்கு அசையாமல் எரிந்தது.

அந்த நாமக்கல் டிரைவர் வந்து பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். வண்டியில் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தை அவிழ்த்துப் பிள்ளையார் முன்னால் வைத்தார்.

“இத முன்னாடியே வெச்சிருந்தீங்கன்னா நான் உள்ளயே வந்திருக்க மாட்டனுங்க்கா” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ஒவ்வொன்றாகப் போயின. புதிதாக வந்தவர்கள் உள்ளே திரும்பி, விளக்கைப் பார்த்து, அப்படியே ரிவர்ஸ் எடுத்தார்கள். ஒரு நாள் காலை கோலம் போட வாசலுக்கு வந்தால் எதிரே வெறும் பனி மட்டும் இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததைப் பார்க்க எனக்குக் கண்ணீர் வந்தது.

சாத்திய கதவுகள் திறந்தன. இவ்வளவு பிள்ளைகள் எங்கள் தெருவில் இருந்தார்களா என்று இருந்தது. கீர்த்தனா முதலில் மரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். ஓடினால் சிரிப்பார்கள் என்று பயம். பிள்ளையார் பக்கத்தில் உட்கார்ந்து பூவை எடுத்து எடுத்து வைப்பாள். யாரோ, “ஏய், ரெண்டு புள்ளையாரு!” என்று கத்தினார்கள்.

அவள் எழுந்தாள். கத்தியவனைத் துரத்தினாள். அவ்வளவுதான். கோபத்தில் தொடங்கிய ஓட்டம், கொஞ்ச நேரத்தில் சிரிப்பாக மாறியதைக் கண்ணால் பார்த்தேன். அன்றைக்குச் செம்மண் புழுதியோடு வந்து, “அம்மா, தண்ணி” என்றாள். அவள் தண்ணீர் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அப்போதுதான் தோன்றியது.

சுண்ணாம்புக் கோடு

சாமி வந்தால் கூட்டம் வரும். சதுர்த்திக்கு ஒருவர் கொழுக்கட்டை கொண்டுவந்தார், ஒருவர் தகரக் கூரை தருகிறேன் என்றார், இன்னொருவர் டைல்ஸ். நாகராஜ் அண்ணன் முகத்தில் வெளிச்சம். எங்கள் பக்கத்தில் அதுவரை கோயில் இல்லை. கும்பிட வேண்டுமென்றால் பஸ் ஏறவேண்டும். “கர்ப்பகிரகம், முன் மண்டபம், சுத்துச் சுவரு, இரும்பு கேட்டு. அல்லாம் சேத்து இந்த எடம் சரியா இருக்கும்” என்றார்.

எனக்கும் ஆசைதான். வாசலைத் திறந்தால் கோபுரம் தெரிய வேண்டும் என்று நினைக்காத பெண் உண்டா? முதல் விளக்கு வைத்தவள் என்பதால் முதல் செங்கல்லை நானே வைக்கவேண்டும் என்று சங்கத்தில் சொன்னார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

பூமி பூஜைக்கு முதல் நாள் மதியம் மேஸ்திரி வந்து அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டார். மரத்தைச் சுற்றிப் பெரிய சதுரம். இடத்தின் விளிம்புவரை போயிற்று. கீர்த்தனா என் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

“சுவரு கட்டிட்டா நாங்க எங்கம்மா ஓடறது?”

“உள்ள போயி புள்ளையாரச் சுத்து. அதுவும் ஓட்டந்தானே? அவரே உலகத்தச் சுத்தாம அப்பா அம்மாவச் சுத்தி வந்து மாம்பழம் வாங்கினவரு.”

அவள் மரத்தடியில் இருந்த பிள்ளையாரைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

“அவருக்கும் ஓட எடமில்லையாம்மா? அதான் வீட்டுக்குள்ளயே சுத்திட்டாரா?”

நான் பதில் சொல்வதற்குள் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்ததும் ஒரே சத்தம். பள்ளிக்கூடத்து விளையாட்டு நாளில் மட்டும் அவர்கள் அப்படிக் கோட்டைப் பார்த்திருக்கிறார்கள். பெரியவர்கள் தங்களுக்கு ஓடுகளம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள்!

“ரெடி, ஸ்டெடி” என்று ஒருத்தி கத்தினாள். ஓடினார்கள்.

மஞ்சள் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. புழுதி எழுந்து பொன்னாய் நின்றது. பிள்ளைகள் அதற்குள் மறைவதும் வெளியே வருவதுமாகப் பிள்ளையாரைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். கம்பெனி சங்கு ஊதியது, யாருக்கும் கேட்கவில்லை. என் மகள் கடைசியில் வந்தாள். ஆனால் நிற்கவில்லை. ஒவ்வொரு தடவை எங்கள் வாசலுக்கு நேரே வரும்போதும் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். புங்கம்பூ உதிர்ந்து அவள் தலையில் ஒட்டியிருந்தது. நான் கைகூப்பி நின்றேன். யாரைக் கும்பிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

செங்கல்

காலையில் மேஸ்திரி வந்து தரையைப் பார்த்தார். “என்னாங்க, கோட்டக் காணம்?”

கோடு இருந்த இடத்தில் எல்லாம் சின்னச் சின்னக் கால் தடம்.

நாகராஜ் அண்ணனுக்கு முகம் சிவந்தது. “நல்ல காரியத்துக்குப் போட்ட கோட்ட மிதிச்சிருக்குதுங்க பாரு. இதுக்குத்தான் மொதல்ல கேட்டு போடணும்ங்கறது” என்றார். பிறகு தணிந்து, “சரி விடு. நேரம் போவுது. வாம்மா, கல்ல எடு” என்று மஞ்சள் பூசிய செங்கல்லை என்னிடம் நீட்டினார்.

வாங்கினேன். ஈரமாக, கனமாக இருந்தது. தெருவே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கீர்த்தனா அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேற்றைய புழுதி இன்னும் அவள் கொலுசில் இருந்தது.

“அண்ணா, என்னால இத வெக்க முடியாதுங்க” என்றேன்.

“என்னம்மா சொல்ற? சாமி காரியத்துல போயி...”

“கோயில் வேணாங்கலிங்கண்ணா. செவுரு வேணாம்.”

“மொத வெளக்கு வெச்சது நீதானே?”

“அதனாலதாங்கண்ணா சொல்றேன்.” எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. மகள் முதல் நாள் கேட்டதை அப்படியே சொன்னேன். “ஓட எடமில்லாமத்தான் புள்ளையாரு வீட்டுக்குள்ளயே சுத்துனாரான்னு கேக்குதுங்கண்ணா பாப்பா. எனக்குப் பதில் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, கல்ல வெச்சிடறேன்.”

பூஜைக்கு வந்திருந்த ஐயர் மணியைக் கீழே வைத்தார். பின்னால் ஒருவர், “சாமிக்கே எடம் குடுக்காத மகராசி” என்றது என் காதில் விழுந்தது. அது இன்றைக்கும் எப்போதாவது விழும்.

அப்போது ரத்னக்கா, “ஏம்ப்பா, அவரு கால்கிட்ட எலி ஒண்ணு கீதில்ல? அது ஓடறதுக்காச்சும் எடம் விடுங்கப்பா!” என்றார்.

முதலில் மேஸ்திரி சிரித்தார். பிறகு ஒவ்வொருவராகச் சிரித்தார்கள். நாகராஜ் அண்ணன் சிரிக்கவில்லை. செங்கல்லை என் கையிலிருந்து வாங்கி மரத்தடியில் வைத்துவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டார்.

அவர் என்னோடு வெகு நாள் பேசவில்லை. நானும் வெகு நாள் பயந்தே இருந்தேன். வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், பிள்ளையாரப்பா, நான் செய்தது தப்பா என்றுதான் மனசு போகும். தினமும் போய் விளக்கு வைப்பேன். பிள்ளையார் எப்போதும் போலத் தொந்தியோடு உட்கார்ந்திருப்பார். சுற்றிலும் பிள்ளைகள் கத்திக்கொண்டிருப்பார்கள்.

வாங்கிப்போட்ட செங்கல்லில் மரத்தைச் சுற்றி உட்காருகிற மாதிரி ஒரு திட்டுக் கட்டினார்கள். அதற்கு மேல் எதுவும் எழும்பவில்லை.

பிறகு ஒரு காலையில், பனிக்குள் யாரோ பிள்ளையாரை விடாமல் சுற்றுவதைப் பார்த்தேன். கிட்டே வந்ததும்தான் தெரிந்தது, நாகராஜ் அண்ணன். காலில் வெள்ளை ஷூ.

“சுகர் ஏறிப்போச்சும்மா. நடக்கச் சொல்லிட்டாரு டாக்டரு” என்றார். பிறகு, நான் ஒன்றும் கேட்காமலேயே, “சாமி சுத்தற மாதிரியும் ஆச்சுல்ல” என்றார்.

அந்த மாதமே பழைய மஞ்சள் பலகையைப் பிடுங்கிவிட்டு அவரே புதிது நட்டார். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் எழுதியிருந்தது: ‘பிள்ளையார் கோயில் பிரகாரம். வண்டி நிறுத்தக் கூடாது.’ அதைப் பார்த்த கீர்த்தனா கேட்டாள், “பிரகாரம்னா என்னம்மா?” நான் சொல்வதற்குள் அவள் பிள்ளையாரைச் சுற்றி ஓட ஆரம்பித்துவிட்டாள்.

மறுபடியும் அந்தப் படி

என் மகள் ஒல்லியாகிவிட்டாள் என்று எழுதினால் அது பொய். பேக்கரி அங்கேயேதான் இருக்கிறது. நாலு மணி வாசனையும் வருகிறது. எப்போதாவது ஒரு தில்பசந்த் வாங்கி மூன்று பேரும் பிட்டுத் தின்கிறோம். அவள் கொஞ்சம் பூசினாற்போலத்தான் இருக்கிறாள். கழுத்துக் கறுப்பு மட்டும், நான் தேய்க்காமலேயே, மெல்ல மெல்லக் கரைந்தது. டாக்டரம்மா ரத்தச் சீட்டைப் பார்த்துத் தலையாட்டினார். “லாரி முழிச்சிக்கிச்சா?” என்று கேட்டார்.

இப்போது அவள் பெரிய வகுப்புக்கு வந்துவிட்டாள். போன பிரதோஷத்துக்கு மலைக்கோயிலுக்குப் படியேறிப் போனோம். அதே மஞ்சள் வெயில், அதே மேளச் சத்தம். பாதிப் படியில் எனக்கு மூச்சு வாங்கியது. முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அவள் எங்கேயோ மேலே நிற்கிறாள், பூக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

“என்னாம்மா, சாமி கீழ வரமாட்டாரான்னு கேக்கட்டுமா?” என்று கத்தினாள். படியில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“வந்தாரே கண்ணு” என்றேன். “ஜவளகிரி பஸ்ஸுல, உங்கப்பா மடியில உக்காந்து வந்தாரே.”

அவளுக்குக் கேட்டிருக்காது. அவள் ஏற ஆரம்பித்துவிட்டாள்.